சியாம் ரீப்: தொண்டூழியமும் சுற்றுலாவும் ஒரே பயணத்தில், போகலாமா?

4 செப்டம்பர் 2024 (கேள்வி)

டிசம்பர் விடுமுறையில் எங்கள் வட்டாரக் குழு கம்போடியாவின் சியாம் ரீப்புக்கு ஆறு நாள் பயணம் ஏற்பாடு செய்கிறது. இரண்டரை நாள் தொண்டூழியம்: கிராமப் பள்ளிக்கு வண்ணம் அடிப்பது, ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது, ஒரு மாலை அநாதை இல்லம். மீதி நாள் அங்கோர் வாட், ஏரி, இரவுச் சந்தை. தலைக்கு 1,280 வெள்ளி. கிணறு ஒன்றுக்கு நன்கொடை கொடுத்தால் நம் பெயரில் பலகை வைப்பார்களாம், அது தனிக் கட்டணம். என் மகளுக்கு 15 வயது, அவளையும் கூட்டிப் போக நினைக்கிறேன். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், இதில் பிரயோசனம் உண்டா?

4 செப்டம்பர் 2024, இரவு

போங்கள். அநாதை இல்லத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் மூன்று முறை போயிருக்கிறேன், 2014, 2017, 2023. மிச்சம் நாளைக்கு. கணக்குப் பிரிவில் வேலை, இந்த வாரம் தலைக்கு மேல் கிடக்கிறது.

5 செப்டம்பர் 2024

முதல் முறை போனது 2014 ஜூனில். நாங்கள் 22 பேர், தலைக்கு 950 வெள்ளி, ஐந்து நாள். ஜூனில் அங்கே மழை தொடங்கியிருக்கும் என்பது ஏற்பாடு செய்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. காலையில் அடித்த வண்ணம் மாலை மழையில் வழிந்து வாய்க்காலில் ஓடியது.

எனக்குக் கொடுத்த வேலை பள்ளிச் சுற்றுச்சுவரில் பழைய வண்ணத்தைச் சுரண்டுவது. பட்டித் தகட்டை வைத்துத் தள்ளினால் பச்சைக்கு அடியில் வான நீலம், அதற்கும் அடியில் மஞ்சள், மஞ்சளில் பாதிச் சூரியகாந்திப் பூ. ஒரு மூலையில் ஏதோ ஒரு பள்ளியின் பெயர்ச் சுருக்கமும் 2012 என்ற ஆண்டும் இருந்தன. வேறு நாட்டுப் பள்ளி. எனக்கு முன்னால் குறைந்தது மூன்று குழுக்கள் அதே சுவரைச் சுரண்டியிருக்கின்றன. சுவருக்கு ஒரு குறையும் இல்லை. குழு வருகிறதே, கையில் ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே என்று அந்தச் சுவரை வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதில் தோகை விரித்த மயில் ஒன்று வரைந்தோம், ஏழடி அகலம். கோலப் போட்டிக்கு நடுவராக இருக்கும் மாமா ஒருவர் மேற்பார்வை. அவர் தூரிகையைத் தொடவே இல்லை, குடையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் மட்டும் குறை கண்டார்.

ஆங்கில வகுப்பு இன்னும் கூத்து. உடல் உறுப்புகளைத் தொட்டுக் காட்டும் பாட்டு ஒன்றைப் பதினைந்து நாள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனோம். பிள்ளைகள் எங்களைவிட வேகமாகப் பாடினார்கள். நான் முட்டிக்கும் தோளுக்கும் இடம் மாற்றிவிட்டேன், முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து திருத்தினான். அங்கே அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் காலை ஒரு பிரிவு, மதியம் ஒரு பிரிவு என்று நடக்கும். ஒரு பிள்ளைக்குக் கிடைப்பதே அரை நாள் படிப்பு. அதில் இரண்டு மணி நேரத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம். வகுப்பு ஆசிரியை வெளியே தாழ்வாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் கணக்கு நடத்த வேண்டியிருந்ததாம். வழிகாட்டி அதை வேனில்தான் சொன்னார், அதுவும் நான் கேட்டதால்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒன்பது பேர் சைவம், நாலு பேர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். கம்போடியச் சமையலில் ப்ரஹோக் என்று மீனை உப்பிட்டு ஊறவைத்த விழுது ஒன்று உண்டு, நமக்குப் பெருங்காயம் மாதிரி கை அதற்குத்தான் முதலில் போகும். அது இல்லாமல் ஒன்பது பேருக்குத் தனியாகச் சமைக்க இரண்டு பெண்கள் விடியற்காலை ஐந்து மணிக்கே வந்திருக்கிறார்கள். சேவை செய்யப் போன இடத்தில் யார் யாருக்குச் சேவை செய்தார்கள் என்று பாருங்கள்.

அநாதை இல்லத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

5 செப்டம்பர் 2024, மாலை

எந்த நாட்டுக் காசு என்று கேட்ட தம்பிக்கு: நான் வெள்ளி என்று எழுதினால் சிங்கப்பூர் வெள்ளி, டாலர் என்று எழுதினால் அமெரிக்க டாலர். அங்கே கடையில் டாலரையும் வாங்குவார்கள், சில்லறை அவர்கள் நாட்டு ரியலில் வரும், ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியல். டாலர் தாளில் ஓரம் சிறிது கிழிந்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். புதுத் தாளாக எடுத்துப் போங்கள்.

7 செப்டம்பர் 2024

பழக்க தோஷம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். 22 பேர், 950 வெள்ளி, மொத்தம் 20,900. பள்ளிக்கென்று செலவானது வண்ணம், தூரிகை, நோட்டுப் புத்தகம், பந்து எல்லாம் சேர்த்து 1,100 வெள்ளி. நூற்றுக்கு ஐந்துக்குக் கொஞ்சம் மேலே. மீதியெல்லாம் விமானம், விடுதி, வேன், சாப்பாடு, குழுவின் பெயர் அச்சடித்த டீ-சட்டை. டீ-சட்டைக்கு மட்டும் 308 வெள்ளி.

உள்ளூரில் வண்ணம் அடிப்பவருக்கு அப்போது நாள் கூலி எட்டு டாலர் என்று வழிகாட்டி சொன்னார். இரண்டு பேர் மூன்று நாளில் முடித்திருப்பார்கள், 48 டாலர். அந்த வேலையை அவர்கள் கையிலிருந்து பிடுங்கி, சொந்தச் செலவில் பறந்து போய், அவர்களைவிட மோசமாகச் செய்துவிட்டு வந்தோம்.

8 செப்டம்பர் 2024

திருத்தம். பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை, 21 பேர்தான் போனோம். மொத்தம் 19,950. நூற்றுக்கு ஐந்தேகால் ஐந்தரை ஆகிறது. மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று சொல்லி வைக்கிறேன். ஆனால் டீ-சட்டை 22 அடித்தோம்.

11 செப்டம்பர் 2024

சரி, அநாதை இல்லம்.

மூன்றாம் நாள் மாலை போனோம். முப்பது பிள்ளைகள் இருக்கும். வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள், பெரிய பெண்கள் நாலு பேர் அப்சரா நடனம் ஆடினார்கள், பிறகு எங்கள் மடியில் வந்து உட்கார்ந்தார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. வேனில் ஏறியதும் பாதிப் பேர் அழுதோம். அவளோடு எடுத்த படத்தை இரண்டு வருஷம் என் முகப்புப் படமாக வைத்திருந்தேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, வைத்திருந்தது உண்மை.

பெயர் தெரியாத 21 பேர் ஒரு மாலை வந்து மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போகலாம் என்றால் யார் வேண்டுமானாலும் போகலாம் என்றுதானே அர்த்தம்? எங்கள் அடையாள அட்டையைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. இங்கே நம் பிள்ளைகளின் பாலர் பள்ளிக்குள் அப்படி நுழைய முடியுமா? இந்தக் கேள்வி அன்று எங்கள் ஒருவருக்கும் வரவில்லை. நான் ஒரு பெண்ணைப் பெற்றவள், எனக்கும் வரவில்லை.

2017இல் போனபோது அவளைப் பார்க்கலாம் என்று அதே இடத்துக்கு வண்டி எடுக்கச் சொன்னேன். அந்தக் கட்டடம் தங்கும் விடுதியாக மாறியிருந்தது. துக்துக் ஓட்டுநரிடம் பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன்.

வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றார்.

எந்த வீட்டுக்கு என்றேன். அவரவர் வீட்டுக்கு என்றார், இதென்ன கேள்வி என்பதுபோல.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2005இல் கம்போடியாவில் 154 பிள்ளை இல்லங்கள், 2010இல் 269. போர் முடிந்து, வறுமை மெல்லக் குறைந்துகொண்டிருந்த காலத்தில் அநாதை இல்லம் மட்டும் பெருகியிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் குவிந்த சியாம் ரீப்பிலும் தலைநகர் நோம் பென்னிலும் அதிகம். உள்ளே இருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். படிக்க வைக்கிறோம், சோறு போடுகிறோம் என்று கிராமத்தில் போய்ச் சொல்லிக் கூட்டி வருவது, வருகிற வெளிநாட்டாருக்குக் காட்டி நன்கொடை வாங்குவது, இதுதான் வழக்கமாக இருந்திருக்கிறது. எல்லா இல்லமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாலை நேரத்தில் கூட்டத்தை உள்ளே விட்டு ஆட்டம் காட்டும் இல்லம் நல்ல இல்லமாக இருக்க முடியாது. பிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2011லேயே ‘பிள்ளைகள் காட்சிப் பொருள் இல்லை’ என்று சுவரொட்டி ஒட்டியது. பிற்பாடு அரசும் யுனிசெஃபும் சேர்ந்து பிள்ளைகளை வீடு சேர்க்கும் வேலையில் இறங்கின. ஆஸ்திரேலியா 2018இல் கொண்டுவந்த நவீன அடிமைமுறைச் சட்டத்தின்போது இப்படிப் பிள்ளை பிடிப்பதையும் ஆட்கடத்தலின் ஒரு வகையாக எண்ணிப் பேசினார்கள்.

2014இல் நாங்கள் போனபோது இதெல்லாம் அச்சில் வந்துவிட்டது. நாங்கள்தான் படிக்கவில்லை.

அந்தச் சிறுமிக்கு இப்போது 16 இருக்கும். உங்கள் மகளைவிட ஒரு வயது மூத்தவள்.

12 செப்டம்பர் 2024

‘அப்படியென்றால் யாரும் யாருக்கும் உதவக்கூடாதா’ என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டியதுதான். அதே 2014 பயணத்தில் உருப்படியாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அது எங்கள் பயணத் திட்டத்தில் இல்லாதது.

சனிக்கிழமை மாலை எல்லாரும் இரவுச் சந்தைக்குப் போனார்கள். எனக்குத் தலைவலி, நானும் எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரும் போகவில்லை. விடுதி வரவேற்பில் இருந்த பையன், பக்கத்து மருத்துவமனையில் கச்சேரி நடக்கிறது, இலவசம், போய்ப் பாருங்கள் என்றான். ஏழாம் ஜெயவர்மன் பெயரில் இருக்கும் கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனை. மேடையில் ஒரு சுவிஸ் டாக்டர் தனியாக உட்கார்ந்து செல்லோ வாசிக்கிறார். நடுநடுவே நிறுத்திப் பேசுகிறார், நன்றாகவே திட்டுகிறார். பேயாட் ரிச்னர். 1970களில் நோம் பென்னில் வேலை பார்த்தவர், கெமர் ரூஜ் கொடுங்கோலர்கள் ஆட்சியைப் பிடித்ததும் வெளியேறி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திரும்பி வந்து மருத்துவமனையை மறுபடி எழுப்பியவர். சியாம் ரீப் மருத்துவமனை 1999இல் திறந்தது. பிள்ளைகளுக்கு வைத்தியம் இலவசம், செலவில் பெரும்பகுதி நன்கொடை. வந்திருப்பவர்களைப் பார்த்து அவர் கேட்டது இதுதான்: இளையவர்கள் ரத்தம் கொடுங்கள், வயதானவர்கள் பணம் கொடுங்கள், நடுவில் இருப்பவர்கள் இரண்டும் கொடுங்கள்.

எனக்கு அப்போது 36. நடு. மறுநாள் காலை போய் ரத்தம் கொடுத்தோம். டெங்கு காலம், ரத்தம் தேவைப்பட்டது. அரை மணி நேரம். டீ-சட்டை இல்லை, படம் இல்லை, பாட்டு இல்லை. அந்த ஐந்து நாளில் அந்த ஊர் எங்களிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

(ஊர் திரும்பி இங்கே ரத்தம் கொடுக்கப் போனால், எந்த நாட்டுக்குப் போய் வந்தாய் என்று கேட்டுச் சில மாதம் கழித்து வரச் சொன்னார்கள். மலேரியா பயம்.)

ரிச்னர் 2018இல் காலமானார். மருத்துவமனை நடக்கிறது. 2017இலிருந்து அங்கோர் நுழைவுச்சீட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு டாலர் அந்த மருத்துவமனைகளுக்குப் போகிறது. நீங்கள் ‘வெறும் சுற்றுலா’ என்று நினைத்துச் சீட்டு வாங்கும்போதே அங்கே ஒரு பிள்ளையின் மருந்துக்குக் கொடுத்துவிடுகிறீர்கள்.

13 செப்டம்பர் 2024

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு ஏன் ஏழாம் ஜெயவர்மன் பெயர் என்று கேட்டிருந்தார்கள். அங்கோரை ஆண்ட அரசர் அவர். அவர் கட்டிய தா ப்ரோம் கோயிலில் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. நாடெங்கும் 102 மருத்துவசாலைகள் இருந்ததாக அதில் வருகிறது. மரம் வேர் விட்டுக் கோபுரத்தைக் கவ்விக்கொண்டிருக்கும் கோயில்தான் தா ப்ரோம். எங்கள் குழு அங்கே நாற்பது நிமிடமும் வேர் முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்தது. கல்வெட்டைப் பற்றி வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார், கேட்டது இரண்டு பேர்.

அதே கோயிலைச் சீரமைப்பதில் இந்தியத் தொல்லியல் துறையும் இருக்கிறது. அதற்கு முன்னால் 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டிலேயே வேலை செய்தார்கள். வேறு நாடுகள் எட்டிப் பார்க்கத் தயங்கிய காலம், கண்ணிவெடியும் சண்டையும் ஓயவில்லை. அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கல்லை ரசாயனம் போட்டுத் தேய்த்ததும் சிமென்ட் பூசியதும் பிற்பாடு கடுமையாக விமர்சிக்கப்பட்டன. படித்தபோது எனக்குப் பட்டித் தகடும் மயிலும் ஞாபகம் வந்தன. அவர்கள் படித்த நிபுணர்கள், நாங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பெயின்டர்கள், ஒப்பிடுவது நியாயமில்லை. இருந்தாலும் வந்தது.

19 செப்டம்பர் 2024

கிணறு விஷயம் மறந்தே போனேன்.

சியாம் ரீப்பைச் சுற்றிக் கிராமச் சாலையில் போனால் வீட்டுக்கு வீடு அடிபம்பும், பக்கத்தில் கொடுத்தவர் பெயர்ப் பலகையும் இருக்கும். எல்லா நாட்டுப் பெயரும் இருக்கும், பிறந்த நாள் வாழ்த்துகூட ஒன்றில் பார்த்தேன். வீட்டு வாசலில் தண்ணீர் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை, நான் கேலி செய்யவில்லை. ஆனால் பலகையோடு நிற்கும் பம்புகளில் ஓடாதவையும் உண்டு. தேயும் பொருள் வாஷர்தான், கடைத்தெருவில் அற்பக் காசு. அதை மாற்ற வேண்டியது யார் என்பதை ஒருவரும் பேசி வைப்பதில்லை. கொடுத்தவர் பறந்துவிட்டார், வீட்டுக்காரர் இது வெளிநாட்டார் பம்பு, அவர்கள் வந்து பார்ப்பார்கள் என்று இருக்கிறார்.

இன்னொன்று, தண்ணீர்ப் பரிசோதனை. பங்களாதேஷில் எழுபதுகளிலிருந்து நல்ல எண்ணத்தோடு லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு போட்டு, பல வருஷம் கழித்து அதில் ஆர்சனிக் இருப்பது தெரிய வந்தது. கம்போடியாவில் மேகோங் ஆற்றை ஒட்டிய கண்டால் பகுதியிலும் அதே தொல்லை. சியாம் ரீப் அந்த ஆற்றோரம் இல்லை. அதற்காகக் கேட்காமல் இருக்க வேண்டாம். ‘தண்ணீரைப் பரிசோதித்த தாள் உண்டா, அடுத்த வருஷம் வாஷர் மாற்றுவது யார்’ என்று இரண்டே கேள்வி. பதில் வந்தால் கொடுங்கள். பலகைக் காசைக் கழித்துக்கொண்டு வாங்கச் சொல்லுங்கள்.

20 செப்டம்பர் 2024

பலகை இல்லாமல் கிணறு கிடையாதாம். நிபந்தனையாம். சிரித்து முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

28 செப்டம்பர் 2024

மேலே எழுதியதையெல்லாம் மறுபடி படித்தேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரி எழுதியிருக்கிறேன். 2017 பயணத்தையும் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

அப்போது நாங்கள் நாலு பேர், எங்கள் காசு, எங்கள் ஏற்பாடு. அதே பள்ளித் தலைமையாசிரியருக்கு வழிகாட்டி மூலம் மூன்று மாதம் முன்னால் கேட்டு அனுப்பினோம், உங்களுக்கு என்ன தேவை என்று. பதில் வர ஆறு வாரம். வந்த பதிலில் இரண்டு வரி. ஒன்று, மூன்று வகுப்பறையில் மின்விசிறியும் வயரிங்கும் வேண்டும். இரண்டு, தயவு செய்து பள்ளி நாளில் வராதீர்கள். இரண்டாவது வரியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2014இலும் அவர் அதையே சொல்லியிருப்பார், கேட்டிருந்தால்.

ரத்தம் கொடுத்த எலெக்ட்ரீஷியன் அண்ணன்தான் இதற்கும் வந்தார். சனி, ஞாயிறு ஒன்றரை நாள் வேலை. வயர், ஸ்விட்ச், விசிறி எல்லாம் சியாம் ரீப் கடையிலேயே வாங்கினோம், 240 டாலர். ஊர்ப் பையன் ஒருவனைக் கூலிக்கு வைத்துக்கொண்டோம். நான் ஏணியைப் பிடித்தேன், அவ்வளவுதான் என் சேவை.

இது ஏதோ சரியான முறை என்று சொல்ல வந்தேன். ஆனால் அன்று இரவு சாப்பிடும்போது அண்ணன் சொன்னது: “அந்தப் பையனே எலெக்ட்ரீஷியன்தான்மா. இங்கே கரண்ட் எப்படி ஏறி இறங்கும், எந்த ஸ்விட்ச் தாங்கும் என்று அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.” ஆக, 240 டாலரையும் அவன் கூலியையும் இங்கிருந்தே அனுப்பியிருந்தால் வேலை நடந்திருக்கும். ஆள் போகாமல் அனுப்பியிருப்போமா? எனக்குச் சந்தேகம்தான். போனதால்தான் கேட்டோம், கேட்டதால்தான் கொடுத்தோம். இந்த இடத்தில் என் கணக்கு நிற்காமல் ஆடுகிறது. ஆடட்டும்.

பள்ளிச் சுவரையும் பார்த்தேன். எங்கள் மயிலின் மேல் யாரோ பெங்குவின் வரைந்திருந்தார்கள். கம்போடிய வெயிலில் நாலு பெங்குவின், ஒன்றுக்குக் கழுத்தில் கம்பளித் துண்டு. தோகையின் ஒரு கண் மட்டும் பெங்குவின் காலுக்கு அடியில் மிச்சம் இருந்தது. மாமாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. பிறகு, ‘மூக்கு சரியில்லை’ என்று ஒரு வரி.

2 அக்டோபர் 2024

மகளைக் கூட்டிப் போவது பற்றி. கூட்டிப் போங்கள். அவள் திருந்துவாள், நன்றியுள்ளவள் ஆவாள் என்ற எதிர்பார்ப்பை மட்டும் இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். எங்களோடு 2014இல் வந்த பிள்ளைகள் ஐந்து பேர். திரும்பியதும் ஒரு மாதம் தட்டில் சோறு மிச்சம் வைக்கவில்லை, அப்புறம் பழையபடி.

சுற்றிப் பார்ப்பதைக் குறைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம். கூச்சப்பட்டுக்கொண்டு அரை நாளில் அங்கோர் வாட்டை முடிக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன், சேவைக்கு வந்தவர்கள் ஊர் சுற்றலாமா என்று. அந்த ஊர் பிழைப்பதே சுற்றுபவர்களால். 2019இல் 22 லட்சம் வெளிநாட்டார் அங்கோருக்குச் சீட்டு வாங்கினார்கள். கொவிட்டில் அது அப்படியே நின்றது. 2023இல் அக்காவோடு போனபோது பழைய துக்துக் ஓட்டுநரையே பிடித்தேன். இரண்டு வருஷம் கிராமத்துக்குப் போய் நெல் பயிரிட்டாராம், அதைச் சொல்லிவிட்டு உடனே கோ கெர் சவாரிக்கு விலை பேச ஆரம்பித்தார். கோ கெர் என்ற பழைய கோயில் நகரம் அந்த செப்டம்பரில்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருந்தது. புது விமான நிலையத்தின் மேல் அவருக்கு ஒரே எரிச்சல். பழையது ஊருக்குப் பக்கத்தில் இருந்தது, புதியது நாற்பது கிலோமீட்டருக்கு மேல், கூட்டத்தையெல்லாம் பேருந்து அள்ளிக்கொண்டு போகிறது என்றார்.

காசு ஹோட்டல் முதலாளிக்குத்தானே போகிறது என்று கேட்டவருக்கு: பாதி உண்மை. அதனால்தான் எங்கே செலவழிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி, பெரிய பேருந்துக்குப் பதில் துக்துக். மாலையில் பாரே சர்க்கஸ். பட்டம்பாங் நகரில் அகதி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் 1994இல் தொடங்கிய கலைப்பள்ளியின் பிள்ளைகள், 2013 முதல் சியாம் ரீப்பில் ஆடுகிறார்கள். அவர்கள் ஆடினால் கைதட்டலாம், அது அவர்கள் தொழில், சீட்டுக்குக் காசு வாங்குகிறார்கள். கண்ணிவெடியை மோப்பம் பிடிக்கும் பெரிய எலிகளைப் பழக்கும் அபோபோவின் பார்வையாளர் மையமும் இருக்கிறது. மகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

அங்கோர் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் சீட்டே எடுங்கள். அங்கோர் வாட் சுற்றுமண்டபத்தில் பாற்கடல் கடையும் காட்சி ஐம்பது மீட்டருக்கு நீளும், அதை நடந்து பார்க்கவே அரை மணி. பான்தே ஸ்ரேய்க்கு ஒரு காலை ஒதுக்குங்கள். பத்தாம் நூற்றாண்டுச் சிவன் கோயில், செங்கல் நிறக் கல், கையளவு நுணுக்கம். வாசல் முகப்பில் ஆடும் சிவனுக்குக் கீழே எலும்பும் தோலுமாய் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2014இல் சுவர் சுரண்டும் வேலைக்காக அந்தக் கோயிலைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒன்பது வருஷம் கழித்துத்தான் அவள் முன்னால் நின்றேன்.

ஏரியில் ஒன்று மட்டும் கவனம். தோன்லே சாப்பில் படகில் போகும்போது ‘பள்ளிப் பிள்ளைகளுக்கு அரிசி வாங்கிக் கொடுங்கள்’ என்று மிதக்கும் கடைக்குக் கொண்டு போவார்கள். ஒரு மூட்டைக்கு ஊர் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு. நாங்கள் இரண்டு மூட்டை வாங்கினோம். கரைக்குத் திரும்பும்போது அதே மூட்டை கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

3 அக்டோபர் 2024

மேலே ‘அதே மூட்டை’ என்று எழுதிவிட்டேன். அதே மாதிரி மூட்டை என்று படியுங்கள். அரிசி மூட்டைக்கு முகம் கிடையாது. சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.

17 அக்டோபர் 2024

கேள்வி கேட்ட தம்பி செய்தி அனுப்பியிருந்தார். குழுக் கூட்டத்தில் பேசினாராம். அநாதை இல்லம் திட்டத்திலிருந்து போய்விட்டது, அந்த மாலையில் சர்க்கஸ். பள்ளிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கிணறு இழுபறி. டீ-சட்டைக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

வண்ணம் அடிப்பதை மட்டும் விடமாட்டார்களாம், தூரிகை வாங்கிவிட்டார்கள். எந்தப் பள்ளி என்று கேட்டேன், இன்னும் முடிவாகவில்லை என்றார். சுற்றுச்சுவரில் பெங்குவின் இருந்தால், காலடியில் பார்த்துச் சுரண்டச் சொல்லியிருக்கிறேன்.